ஒரே ஆட்டம், ஆளுக்கொரு முடிவு ஏன்?

"ட்ரையாங்கிள் ஸ்ட்ராட்டஜியில் எனக்கு ஒரு முடிவு, என் தம்பிக்கு வேறொன்று. எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2022-இல் வந்த இந்த வீடியோ கேமில் முக்கியத் தீர்மானங்களை நாயகன் செரெனோவா தனியாக எடுப்பதில்லை. தராசு வைத்து ஏழு தோழர்கள் ஓட்டுப் போடுவார்கள். முன்கூட்டியே பேசி அவர்கள் மனதை மாற்றலாம். ஆனால் நம் பேச்சு எடுபடுமா என்பது அறம், பயன், சுதந்திரம் என்று அதுவரை ரகசியமாகச் சேர்ந்த புள்ளிகளைப் பொறுத்தது. ஆட்டத்தை முதல் முறை ஆடும்போது அவை கண்ணில் படாது, குழப்பமே அதனால்தான்.

கடைசியில் ரோலண்ட், பெனடிக்ட், ஃப்ரெடெரிக்கா ஆகிய மூன்று தோழர்களில் யார் யோசனையை ஏற்கிறோமோ, அதற்கேற்ற முடிவு. நான்காவதும் உண்டு, குறிப்பிட்ட தேர்வுகளைச் சரியாகச் செய்தவர்களுக்கு மட்டும்.

வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஆடி முடித்த எனக்கு ரோலண்டின் முடிவுதான் கிடைத்தது. இரண்டு ஸ்டேஷன் தாண்டியும் எரிச்சல் அடங்கவில்லை!