பூச்சி மருந்து போட்டும் பூச்சி ஏன் திரும்பி வருகிறது?

நான் டாக்டர் இல்லை. அரசு ஆய்வகத்தில் முப்பது வருஷம் மலம், இரத்தம், சளி என்று நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தே ஓய்வு பெற்றவன். புழு எந்த வழியாக உள்ளே வந்தது என்று சொல்வேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சார், என் பையனுக்கு ஆறு வயது. ராத்திரியானால் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுகிறான். மூன்று மாதத்தில் இரண்டு தடவை பூச்சி மருந்து கொடுத்தாச்சு. மலப் பரிசோதனையில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். (ஈரோடு)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கீரிப்பூச்சி மாதிரிதான் இருக்கிறதம்மா. வெள்ளை நூல் துண்டு போல, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பகலெல்லாம் குடலுக்குள் கிடந்துவிட்டு, பிள்ளை தூங்கிய பிறகு பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை வெளியே இருக்கும்போது மலத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன்னால், செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒற்றி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிக் கொண்டு போங்கள். இதற்குச் சரியான பரிசோதனை அதுதான்.

திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் நகம். சொறிகிற விரலில் முட்டை ஒட்டும், அதே விரல் வாய்க்குப் போகும். சில மணி நேரத்திலேயே அந்த முட்டை தொற்றுகிற பக்குவத்துக்கு வந்துவிடும். மருந்து புழுவைக் கொல்லும். முட்டையிடம் அவ்வளவாகப் பலிக்காது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை தருகிறார்கள். அதையும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். பாட்டி "எனக்கெதுக்கு?" என்பார், அவருக்கும்தான். கர்ப்பிணி இருந்தாலும் கைக்குழந்தை இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மறுநாள் காலையில் பையனைக் குளிப்பாட்டி, ஜட்டி, பெட்ஷீட், தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள். உதறிவிட்டு ஊறப்போடாதீர்கள், முட்டை வீடெல்லாம் பறக்கும்.

இனிப்பு தின்றால் பூச்சி வருமா? தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, கன்னத்தில் வெள்ளைத் தேமல் இதெல்லாம் பூச்சியாலா?

மூன்றுக்கும் இல்லை. முட்டையோ குஞ்சுப்புழுவோ உடம்புக்குள் போகாமல் சர்க்கரையிலிருந்து புழு முளைக்காது. ஆனால் கழுவாத கையால் மிட்டாய் தின்றால் வரும். அந்தப் பழி மிட்டாய்க்குப் போய்விட்டது.

என் பேத்தி வாந்தி எடுத்தபோது ஒரு சாண் நீளத்துக்குப் புழு வந்து விழுந்தது. வீடே பயந்துபோய்விட்டது. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா ஐயா?

ஒட்டாது. அது உருண்டைப்புழு. பெண் புழு ஒன்று ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை போடும். ஆனால் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவமான பிறகே இன்னொருவருக்குத் தொற்றும். அதனால் இது தொட்டு வரும் நோயல்ல, மண் வழியாக வரும் நோய். கீரை, கொத்தமல்லி, கேரட், பிள்ளை விளையாடிய கை என்று எதிலும் வரும். விழுங்கிய முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு குடலைத் துளைத்து, இரத்தத்தில் நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கே வந்து வளரும். ஏன் இந்த ஊர்வலம் என்று எனக்கு இன்றும் வியப்புதான். அந்தச் சமயத்தில் பிள்ளைக்கு வறட்டு இருமலோ இளைப்போ வரலாம்.

பேத்தியை டாக்டரிடம் காட்டி மருந்து கொடுங்கள். வயிறு உப்பி, வலியும் வாந்தியுமாக, மலம் போகாமல் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்திருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் பழைய வழக்கமும் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம், உடம்பில் நீர் வற்றிப்போகும்.

அண்ணன், ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மனைவிக்கு எப்போதும் இரத்தம் குறைவு, களைப்பு. இரும்புக் குளிசை போட்டாலும் கூடுதில்லை. பூச்சியாக இருக்குமோ?

இருக்கலாம். கொக்கிப்புழுவுக்கு மலப் பரிசோதனை செய்து பாருங்கள். உங்கள் மலையகத்துக்கும் இந்தப் புழுவுக்கும் பழைய கணக்கு உண்டு. 1916லேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. ஈரமண், நிழல், வெறுங்கால், செடி மறைவில் மலம் கழிப்பது என்று புழுவுக்கு வேண்டியதெல்லாம் அன்று அங்கே இருந்தது.

மலத்தில் விழுந்த முட்டை பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுப்புழு கால் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். விரலிடுக்கில் அரிப்பு வரும், சேற்றுப்புண் என்று விட்டுவிடுவோம். பிறகு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளியிலும் துளி. நூறு புழு மாதக்கணக்கில் குடித்தால் எந்தக் குளிசை ஈடுகட்டும்? புழுவுக்கும் மருந்து, இரத்தத்துக்கும் மருந்து, இரண்டும் சேர்ந்து வேண்டும். செருப்பு நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் கக்கூஸ், அப்புறம்தான் செருப்பு. மலம் மண்ணில் விழாவிட்டால் காலைத் துளைக்கப் புழுவே இருக்காது.

பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் மாத்திரை பாதுகாப்பானதா? போன தடவை ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது.

அது அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். 1 முதல் 19 வயது வரைக்கும் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் பாதி, அதையும் பொடித்து நீரில் கலந்து. மற்ற பிள்ளைகள் நன்றாக மென்று விழுங்கட்டும். வயிற்றில் புழு நிறைய இருக்கும் பிள்ளைக்குக் குமட்டல், வயிற்றுவலி வரலாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். காய்ச்சலாகக் கிடக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம், தேறிய பிறகு கொடுக்கலாம்.

நான் சுத்த சைவம். வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில் மூளையில் நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள். பன்றிக்கறியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே!

நிறையப் பேர் குழம்பும் இடம் இது. வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில் நீளமான நாடாப்புழு வளரும், அவ்வளவுதான். மூளைக்குப் போவது அந்த மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு. அவர் கை கழுவாமல் சமைத்தாலோ, அந்த மலம் பட்ட தண்ணீரில் காய்கறி விளைந்தாலோ முட்டை உங்கள் சாலட்டில் இருக்கும். வேலூர்ப் பகுதியில் செய்த ஆய்வில் வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது.

கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். மூளையில் புழு சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு கூடும். நரம்பியல் டாக்டர் வீக்கத்துக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுப்பார்.

கும்பகோணத்தில் என் அத்தைக்கு இருபது வருஷமாக யானைக்கால். மாத்திரை சாப்பிட்டால் வீக்கம் வடியுமா?

பழைய வீக்கம் மாத்திரையால் வடியாது. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். புண், வெடிப்பு இருந்தால் உடனே காட்டட்டும். இதைச் செய்தாலே அடிக்கடி வரும் காய்ச்சலும் நெறிகட்டுவதும் குறையும். யானைக்காலும் ஒரு புழுவால் வருவதுதான், அதைப் பரப்புவது கொசு. அதனால் வீட்டில் மற்றவர்களுக்குக் கொசுதான் கவலை. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அது. டேங்கின் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுங்கள்.

யானைக்கால் புழுவின் குஞ்சான நுண்புழு ராத்திரியில்தான் இரத்தத்தில் ஊரும். அதனால் பத்து மணிக்கு மேல் வீடு வீடாகக் கதவைத் தட்டி விரலில் குத்தியிருக்கிறேன். தெரு நாய்க்கும் வீட்டுக்காரர் வசவுக்கும் நடுவில்!

மலப் பரிசோதனைக்கு எவ்வளவு கொண்டு போகணும்?

ஒரு புளியங்கொட்டை அளவு போதும். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மூத்திரம், தண்ணீர் கலக்காமல், எடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை ஒன்றும் இல்லை என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் வேறு வேறு நாளில் மூன்று தடவை கொடுங்கள்.