எட்டாம் கிரேடு முடித்த மகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வேலை கிடைக்குமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வெஸ்டர்ன் வயலின் தேர்வுகளில் உச்சமான எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். கர்னாடக வயலினும் தெரியும். ஜெர்மனியில் படித்து அங்கேயே சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவில் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நம்பிப் பணம் போடலாமா?

பதில்: உறவினர்களிடம் ஆர்க்கெஸ்ட்ரா என்று சொன்னால் கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழு என்றுதான் நினைப்பார்கள். உங்கள் மகள் சொல்லும் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா வேறு, மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கும் சிறிய குழு. கார்ல் முன்ஷிங்கர் 1945இல் தொடங்கிய ஸ்டுட்கார்ட் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவில் நிரந்தர உறுப்பினர்கள் 17 பேர்தான்; எல்லாருமே தந்திக் கருவிக்காரர்கள். ஒருவர் விலகினால்தான் ஓர் இடம் காலியாகும். ஆகவே ஒரே குழுவை மனத்தில் வைத்துத் திட்டம் போடக் கூடாது.

ஆள் குறைவு என்பதால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ என்ற படைப்பில் மூன்று வயலின், மூன்று வியோலா (வயலினைப் போன்றது, சற்றுப் பெரியது), மூன்று செல்லோ, ஒன்பதுக்கும் தனித்தனிப் பாகம். ஒருவர் தடுமாறினால் கடைசி வரிசைக்கும் கேட்கும். வேலையும் மேடையோடு முடியாது: ஒத்திகை, பஸ்ஸில் சிறு நகரங்களுக்குப் பயணம், சனி ஞாயிறு கச்சேரி, பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி.

வேலைக்கான ஆடிஷனில் யாரும் கிரேடு சான்றிதழைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. பல இடங்களில் முதல் சுற்றில் வாசிப்பவர் திரைக்குப் பின்னால்தான் நிற்பார். மொசார்ட்டின் 3, 4, 5ஆம் வயலின் கான்செர்ட்டோக்களில் (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) ஒன்றின் முதல் பகுதியை வாசிக்க வேண்டும். கேட்பதற்கு எளிய இசைதான், ஆனால் வாசிப்பவரின் குறை ஒன்றையும் அது மறைக்காது. பிடிக்காவிட்டால் பாதியிலேயே 'நன்றி' சொல்லி அனுப்பிவிடுவார்கள். தேறினால் ரொமான்டிக் காலக் (19ஆம் நூற்றாண்டு பாணி) கான்செர்ட்டோ, பிறகு ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளிலிருந்து சில துண்டுகள். இடம் கிடைத்த பின்னும் வழக்கமாக ஓராண்டு சோதனைக் காலம். அதன் முடிவில் சக கலைஞர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

நம் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, சுருதி. வீட்டுக் கீபோர்டில் A ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராக்கள் பெரும்பாலும் 443. இரண்டுக்கும் ஏறத்தாழ 12 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கீபோர்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்) வித்தியாசம். 440லேயே ஊறிய காதுக்கு அங்கே விரல் வைக்கும் ஒவ்வொரு இடமும் சந்தேகமாகிவிடும். இன்றே டியூனரை 443க்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது, கர்னாடகப் பழக்கம். காதுக்கு அது பெரிய பலம். ஆனால் இடது கை பொசிஷன் மாறும்போது விரல் லேசாக இழைந்தாலும் மொசார்ட்டில் அது கறையாகத் தெரியும்.

வியோலாவை யோசித்துப் பார்க்கலாம். வயலினைவிடப் போட்டி கொஞ்சம் குறைவு. அதன் இசைக்குறிப்பை எழுதும் ஆல்ட்டோ கிளெஃப் முறையைப் பழகச் சில மாதம் போதும். ஆனால் கருவி பெரியது, கை நீளம் பார்த்து அளவு தேர்ந்தெடுக்காவிட்டால் தோள்வலியில் முடியும். ஆடிஷனில் மொசார்ட்டுக்குப் பதில் ஸ்டாமிட்ஸ் அல்லது ஹாஃப்மைஸ்டர் கான்செர்ட்டோ கேட்பார்கள்.

பணக் கணக்கு: மாணவர் விசாவுக்குப் பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். பல மாநிலங்களில் அரசு இசைக் கல்லூரிகளில் டியூஷன் கட்டணம் இல்லை. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க்கில் பொதுவாக நம்மவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. இளங்கலை பெரும்பாலும் எட்டு செமஸ்டர். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்க வேண்டும். நுழைவுத் தேர்வில் தியரி, ஸ்வரம் கேட்டு எழுதுதல், கொஞ்சம் பியானோ எல்லாம் உண்டு.

கல்லூரியின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள், ஆசிரியரைப் பாருங்கள். மொசார்ட் முதல் பகுதியை 443இல், வெட்டாமல் ஒட்டாமல், ஒரே டேக்கில் வீடியோ எடுத்து இரண்டு மூன்று பேராசிரியர்களுக்கு அனுப்பி, ஒரு சோதனை வகுப்பு கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு வங்கிக் கடன் விண்ணப்பத்தைக் கையில் எடுங்கள்.