பொம்மையில் ரசாயனம்: கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த விலைக் கடையில் என் ஒன்றரை வயதுப் பெண்ணுக்கு மெத்தென்ற பிளாஸ்டிக் விலங்கு பொம்மைகள், ஆறு கொண்ட ஒரு செட், வாங்கினேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாதமாக எந்நேரமும் அதைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அடிக்கடி வீசிங் வருகிறது. இரண்டு பொம்மைகளைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். தாலேட் என்ற ரசாயனம் 14 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. கடையில் போய்க் கேட்டால், “ஊரே வாங்குது, உங்க குழந்தைக்கு மட்டும்தான் ஆகுதா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேவலப்படுத்தினார். பத்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? – மணலி வாசகி

பதில்: கடைக்காரர் பேசியதை விட்டுவிடுங்கள், வாய்த்துடுக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் விலை கிடையாது. நீங்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்கு வேண்டும்: அட்டைப் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததா?

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளை அந்த முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. தாலேட்டுக்கான தரமும் அதில் அடக்கம். முத்திரை இல்லையென்றால் விற்றதே தப்பு, குழந்தைக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை. முத்திரை இருந்தும் 14 சதவீதம் என்றால் குறைபாடுள்ள பொருள். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குக் கால் ஊன்ற இடம் இருக்கிறது.

இடம் இல்லாதது வீசிங்கில். தாலேட் பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்ப்பது. அதோடு இறுகப் பிணையாததால் எச்சிலில் கசியும். ஹார்மோனைக் குழப்பும், இனப்பெருக்க வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற கவலையில்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொம்மைக்கு 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். ஆனால் 14 சதவீதம் பொம்மைக்குள் இருந்தது. குழந்தைக்குள் எவ்வளவு போனது என்பது வேறு கணக்கு: எத்தனை நேரம் கடித்தாள், எவ்வளவு கசிந்தது, அவள் எடை என்ன. சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். ஓரிரு நாளில் வெளியேறிவிடும் பொருள் அது, சாப்பாடு வரும் பிளாஸ்டிக் உறையிலிருந்தும் உடம்புக்குள் போகும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், “மணலியில்தானே குடியிருக்கிறீர்கள், சுற்றிலும் ஆலைதானே?” என்பார். அவ்வளவுதான், முடிந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் வந்த தீங்குக்கு ஈடு கேட்கும் ‘பொருள் பொறுப்பு’ப் பகுதியில் மன உளைச்சலுக்குப் பணம் வேண்டுமானால் அது காயத்தையோ நோயையோ ஒட்டி வந்ததாக இருக்க வேண்டும். உங்கள் பத்து லட்சம் தொங்குவது அந்த நூலில்தான்.

அப்புறம், மீதி நாலு பொம்மைகள் எங்கே? நான் பார்த்த கட்சிக்காரர்கள் கவிழ்வது இங்கேதான். வீட்டிலேயே வெட்டி, பாலித்தீன் கவரில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட்டில் ‘வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி’ என்றுதான் இருக்கும். அது அந்தக் கடைப் பொம்மைதான் என்று யார் சொல்வது? ஆணையம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி மாதிரியை வாங்கி, சீல் வைத்து, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்பப் பொம்மை வேண்டுமே! நாலையும் கழுவாமல், குழந்தை கைக்கு எட்டாமல், பெட்டியோடு எடுத்து வையுங்கள். “கொண்டு வாங்கம்மா, மாத்தித் தரேன்” என்று கடைக்காரர் கூப்பிட்டால் பொம்மையோடு போகாதீர்கள். துண்டுச் சீட்டு பலவீனமான ஆதாரம், ஜி.பே.யில் கட்டியிருந்தால் அந்தப் பதிவு அதைவிட மேல்.

இன்னொரு குழி வாட்ஸ்அப். “பணம் தரலைன்னா பி.ஐ.எஸ்.ல சொல்லிடுவேன்” என்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அரசு அமைப்பைச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பிவிடாதீர்கள். மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார் என்று கடைக்காரர் காவல் நிலையத்தில் போய் நிற்பார். கடைப் பெயர் போட்டு வீடியோவும் வேண்டாம். பி.ஐ.எஸ்.ஸுக்குப் புகார் கொடுக்க நினைத்தால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், அதற்கு ஆப் இருக்கிறது.

வெளிப்படையாகச் சொன்னால், சமரசத்துக்குப் போங்கள். உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது: தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவு. பெட்டியில் பெயரும் முகவரியும் இல்லையென்றால் நோட்டீஸில் அதை முதல் பத்தியாக வையுங்கள். பொம்மை விலை, ஆய்வகச் செலவு, டாக்டர் பில், மேலே ஒரு நியாயமான தொகை, எழுத்தில். ‘எந்த அதிகாரியிடமும் புகார் சொல்ல மாட்டேன்’ என்ற வரி அந்தத் தாளில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். படியவில்லை என்றால் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். வீசிங்குக்கு மருந்து எழுதிய டாக்டரைச் சாட்சிக்கு இழுக்காமல் இருந்தால் வழக்கு சீக்கிரம் முடியும்.