சாட்ஜிபிடி எழுதித் தரும் உரையாடல்களை வைத்துப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் "காய்கறிக் கடையில் ஓர் உரையாடல் எழுது" என்று மொட்டையாகக் கேட்டால் இப்படித்தான் வரும்: "வணக்கம்! ஒரு கிலோ தக்காளியின் விலை என்ன?" "முப்பது ரூபாய்." "தயவுசெய்து எனக்கு அரைக் கிலோ தாருங்கள். மிக்க நன்றி!" இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இதை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போகிறவருக்குக் கடைக்காரர் பேசுவது ஒன்றுமே புரியாது.

இணையத்தில் கிடைக்கும் தமிழ் பெரும்பாலும் எழுத்துத் தமிழ்தான். அதனால் பேச்சுவழக்கில் எழுதச் சொன்னாலும் நாலு வரி "போறேன்" என்று போய், ஐந்தாவது வரியில் "செல்கிறேன்" வந்து நிற்கும். இதற்கு நல்ல வழி, நீங்களே ஆறேழு பேச்சு வரிகளை எழுதி மாதிரியாகக் கொடுப்பது. "எவ்ளோ", "குடுங்க", "வேணாம்" என எழுத்துக்கூட்டலும் அதிலேயே தெரிய வேண்டும். எந்த ஊர்ப் பேச்சு, யார் யாரிடம் பேசுகிறார், யார் மூத்தவர் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "நீ"யும் "நீங்க"வும் கலந்துவிடும்.

தொடக்க நிலைக்குப் பத்து வரி போதும். வரிக்கு நாலைந்து சொல், மொத்தத்தில் ஐந்து புதுச்சொல். "வேணும், வேணாம்" போல ஒரே ஒரு அமைப்பு. மாணவருக்குத் தெரிந்த சொற்களின் பட்டியலைக் கொடுத்தாலும் வேறு சொற்கள் நுழையும். புதுச்சொற்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிறகு வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். "சாப்டீங்களா?" என்றால் "ஆம், நான் சாப்பிட்டேன்" என்று வரும். வெறும் "சாப்டேன்" போதும். நம் கடை உரையாடல் திருத்தியபின்:

"தக்காளி எவ்ளோண்ணா?"
"கிலோ முப்பது."
"அரைக்கிலோ போடுங்க."
"வேற?"
"போதும். கொஞ்சம் கறிவேப்பில வைங்க."

வகுப்பில் முதலில் எழுத்தைக் காட்டாதீர்கள், காதால் கேட்கட்டும். கணினி படித்துக்காட்டும் இயந்திரக் குரல் பேச்சுத் தமிழையும் பெரும்பாலும் செய்தி வாசிப்பதுபோல் படிக்கும். இரண்டு பேரைப் பேசவைத்து ஃபோனில் பதிவுசெய்யுங்கள். முதல் தடவை கேட்டதும் ஒரே கேள்வி: எவ்வளவு வாங்கினார்? அடுத்து, கடைக்காரரின் வரிகளை வெற்றிடமாக விட்ட தாள். கடைசியில் இருவர் நடிக்கட்டும், ஆனால் வாங்குபவருக்குத் தெரியாமல் கடைக்காரரிடம் "தக்காளி தீர்ந்துவிட்டது" என்று ஒரு சீட்டைக் கொடுங்கள். மனப்பாடத்தை ஒப்பிக்க முடியாது, யோசித்துப் பேசியே ஆக வேண்டும்.

இந்த உரையாடல்களின் பெரிய குறை, இருவருக்கும் எல்லாமே முதல் தடவையிலேயே புரிந்துவிடுவது. கற்பவருக்கு முதல் நாளே தேவைப்படுவது "புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்ற வரிதான். ஆகவே தப்பாகக் காதில் விழும் இடம் ஒன்றைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்குங்கள்: "ஆறு கிலோவா?" "இல்லண்ணா, அரை. அரைக்கிலோ."