ஈரலுக்குள் ஏன் வீக்கம்? நீலகிரி வாசகர்களின் கேள்விகளும் மருத்துவர் குழுவின் பதில்களும்

கல்லீரலுக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் உள்ள தொடர்பு பற்றி நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் ஆறு இங்கே. பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கோத்தகிரி வாசகி: வயது 46, உயரம் 154 செ.மீ., எடை 74 கிலோ. ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம், வேலைக்குக் குறைவில்லை. மது கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1'. எஸ்.ஜி.ஓ.டி. 44, எஸ்.ஜி.பி.டி. 68, பிளேட்லெட் 2.4 லட்சம். வெறும் கொழுப்புதானே? இதில் எதிர்ப்பு சக்திக்கு என்ன வேலை?

வெறும் கொழுப்போடு நின்றால் பெரிய ஆபத்தில்லை. அந்தக் கொழுப்பால் எதிர்ப்பு அணுக்கள் கிளம்பிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதிகள். உங்கள் எஸ்.ஜி.பி.டி. 68 என்ற எண், கிளம்பியிருக்கலாம் என்கிறது.

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகக் குடல் பக்கத்திலிருந்து வருகிறது. சாப்பாட்டின் சத்தோடு குடல் பாக்டீரியாக்களின் துண்டு துணுக்குகளும் அதில் வந்து சேரும். அவற்றைப் பிடித்து விழுங்குவதற்காகக் கல்லீரலின் நுண்குழாய்களின் உட்சுவரில் குப்ஃபர் செல்கள் ஒட்டியிருக்கின்றன. நம் உறுப்புகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும் விழுங்கு செல்களில் 80 சதவீதத்துக்கு மேல் இவைதான். வருகிற ஒவ்வொரு துணுக்குக்கும் இவை கொதித்தெழுந்தால் வேளாவேளைக்கு ஈரல் வீங்கும். அதனால் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுப் பேசாமல் இருப்பது இவற்றின் இயல்பு.

கொழுப்பு திணிந்து உப்பிய கல்லீரல் செல்கள் சாக ஆரம்பிக்கும்போது இந்த அமைதி கெடுகிறது. செத்த செல்லைச் சுற்றி விழுங்கு செல்கள் வளையமாகக் கூடுகின்றன. டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரந்து, ரத்தத்திலிருந்து மோனோசைட்டு என்ற வெள்ளை அணுக்களையும் வரவழைக்கின்றன. அதுவரை வைட்டமின் ஏ-வைச் சேமித்துக்கொண்டு சும்மா கிடந்த ஸ்டெல்லேட் செல்கள் இந்தக் கலவரத்தில் குணம் மாறி நார்ப்பொருளைப் போட ஆரம்பிக்கும். அந்த நார் வருடக்கணக்கில் சேர்ந்தால் ஈரல் இறுகிப்போகும் சிரோசிஸ். வழியில் வலி எதுவும் இருக்காது என்பதுதான் சங்கடம்.

ஸ்கேனில் போடும் கிரேடு, கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். நார் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டிலேயே போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 46 × 44 = 2024. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள், 2.4 லட்சத்தை 240 என்று போட வேண்டும். 68-இன் வர்க்கமூலம் 8.25; அதை 240-ஆல் பெருக்கினால் 1980. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.02. இது 1.3-க்குக் கீழே இருந்தால் நார் அதிகம் சேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 65 வயதுக்கு மேல் 1.3-க்குப் பதில் 2.0. நீங்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ஓராண்டு கழித்து மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். சுகர் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

வைத்தியம் எடைக் குறைப்புதான். உங்கள் எடையில் 5 சதவீதம், அதாவது 3.7 கிலோ குறைந்தால் கொழுப்பு வடியும். 7 சதவீதத்தில், சுமார் 5 கிலோவில், அழற்சி அடங்கும். 10 சதவீதம் குறைந்தவர்களில் பலருக்கு நாரே குறைகிறது. நாரைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பவை யார் தெரியுமா? கலவரம் செய்த அதே விழுங்கு செல்கள்தான். தூண்டுதல் நின்றதும் துப்புரவு வேலைக்குத் திரும்பிவிடுகின்றன. வாரத்துக்கு அரை கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் ஈரல் வீக்கம் கூடிவிடும்.

தோட்டத்தில் மாடாக உழைத்தும் ஏன் இப்படி என்றால், பதில் உங்கள் டம்ளரில் இருக்கிறது. ஆறு டம்ளர், இரண்டிரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம்: நாளைக்கு 60 கிராம் சர்க்கரை. அதில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும், மிஞ்சியதைக் கொழுப்பாக்கும். டீயோடு வர்க்கியும் உண்டென்றால் மைதாவும் நெய்ப்பசையும் சேர்ந்துகொள்ளும். டீயை விட வேண்டாம், சர்க்கரையை விடுங்கள். தேயிலைக்காரரிடம் சொல்லக் கூடாதுதான். ஆனால் கல்லீரல் விஷயத்தில் காபி குடிப்பவர்களுக்கு நார் குறைவாக இருப்பதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. அதுவும் சர்க்கரை இல்லாமல்.

கூடலூர் வாசகர்: மகளுக்கு வயது 17, சிக்கிள் செல் நோய். கண் எப்போதும் மஞ்சளாக இருக்கிறது. பிலிருபின் 4.2, அதில் டைரக்ட் 0.6; எஸ்.ஜி.பி.டி. 28. மஞ்சள் காமாலை என்று மருந்து கட்டச் சொல்கிறார்கள். ரத்தம் ஊற ஆட்டு ஈரல் கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

மருந்து கட்ட வேண்டாம். இது கல்லீரல் கெட்டதால் வந்த மஞ்சள் இல்லை என்று உங்கள் ரிப்போர்ட்டே சொல்கிறது.

இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் 1952-இல் உங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாள் வடிவச் சிவப்பணு 10 முதல் 20 நாளில் உடைகிறது. உடைந்ததை விழுங்குவது மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கு செல்கள். அவை ஹீமோகுளோபினிலுள்ள ஹீமைச் சிதைக்கும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அளவுக்கு மீறி வருவதால் கல்லீரலால் உடனுக்குடன் அதைப் பித்தத்தில் தள்ள முடியவில்லை. எனவே கல்லீரல் பதப்படுத்திய டைரக்ட் 0.6-இல் நிற்க, மீதி 3.6 பதப்படாத இன்டைரக்டாக ரத்தத்தில் தங்குகிறது. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. எஸ்.ஜி.ஓ.டி. சற்றுக் கூடியிருந்தால் பதற வேண்டாம். சிவப்பணுவுக்குள்ளும் அது இருப்பதால் உடையும்போது வெளியே வரும்.

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நோயில் மண்ணீரல் சிறு வயதிலேயே சுருங்கிப் பயனற்றுப் போகும். ரத்தத்தில் வரும் கிருமிகளை வடிகட்டும் பொறுப்பு பெரும்பாலும் குப்ஃபர் செல்கள் தலையில் விழுகிறது. நியூமோகாக்கஸ் போல உறை போர்த்திய கிருமிகளை அவற்றால் மண்ணீரல் அளவுக்குப் பிடிக்க முடியாது. ஆகவே 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி. நியூமோகாக்கஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பாருங்கள்.

ஆட்டு ஈரல் விஷயம்: பிரச்சினை இரும்புச்சத்துக் குறைவு இல்லை. ரத்தம் ஏற்றியிருந்தால் ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போயிருக்கும். அது முதலில் விழுங்கு செல்களில் தேங்கி, பிறகு கல்லீரல் செல்களுக்கு வழியும். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மாத்திரையும் வேண்டாம், தினசரி ஈரலும் வேண்டாம். டாக்டர் எழுதிய ஃபோலிக் ஆசிட் போதும். டைரக்ட் பிலிருபின் திடீரென ஏறினாலோ, வலது விலாவுக்குக் கீழ் வலித்தாலோ, ஈரல் வீங்கி ஹீமோகுளோபின் சடாரென்று இறங்கினாலோ உடனே போக வேண்டும். முதல் இரண்டுக்குப் பித்தப்பைக் கல் காரணமாக இருக்கலாம், ஸ்கேனில் தெரிந்துவிடும்.

உதகை வாசகி: ஹாஸ்டலிலிருந்து வந்த மகனுக்கு (21) நான்கு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகு கண் மஞ்சளாகிறது. ஹெபடைடிஸ் ஏ என்கிறார்கள், எஸ்.ஜி.பி.டி. 1,840. நோய் குறையும்போது மஞ்சள் ஏன்? கீழாநெல்லி கொடுக்கலாமா?

இந்த வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் பெருகும்போது செல்லை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தாமதமாக வந்து சேரும் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள், வைரஸ் புகுந்த செல்களைத் தேடித் தேடிக் கொல்கின்றன. 1,840 என்பது அந்தக் கொலைக் கணக்கு. சின்னக் குழந்தைகளுக்கு மஞ்சளே தெரியாமல் போவதும், வாலிபர்களுக்குக் கடுமையாக வருவதும் இந்த நோயின் வழக்கம். மலத்தில் வைரஸ் அதிகம் வெளியேறுவது மஞ்சள் தெரிவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில். எனவே வீட்டில் மற்றவர்கள் இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பலன் உண்டு.

கீழாநெல்லி பற்றி 1988-இல் சென்னையிலிருந்து லான்செட் இதழில் வந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி பற்றியது, ஏ பற்றியது அல்ல. பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ மருந்தில்லாமலே போகும். எண்ணெய், உப்பு, புளி எல்லாம் நிறுத்தி வெறும் கஞ்சியில் போட்டு மெலிய வைக்காதீர்கள், பசித்ததைச் சாப்பிடட்டும். பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். மது அறவே கூடாது.

எஸ்.ஜி.பி.டி. இறங்கினால் நல்லது என்று எல்லோரும் நினைப்பார்கள். அது இறங்கும்போதே பிலிருபினும், ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆரும் ஏறினால், சாவதற்குச் செல்லே மிச்சமில்லை என்று அர்த்தம். ஐ.என்.ஆர். 1.5-ஐத் தொட்டாலோ, பையன் பகலில் தூங்கி இரவில் விழித்தாலோ, பேச்சுக் குழறினாலோ மலையில் வைத்திருக்க வேண்டாம். கல்லீரல் பிரிவு உள்ள கோவை மருத்துவமனைக்கு இறக்கிவிடுங்கள்.

குன்னூர் வாசகர்: வருடா வருடம் மாலை போட்டு 41 நாள் குடிக்காமல் இருக்கிறேன். அந்தச் சமயத்தில் டெஸ்ட் எல்லாம் நார்மல். மற்ற மாதங்களில் குடித்தால் ஈடாகாதா?

ஆகாது. மது குடல் சுவரைக் கசிய வைக்கிறது. பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்ற நச்சு போர்ட்டல் ரத்தத்தில் கூடுதலாக ஏறி, குப்ஃபர் செல்களைச் சீண்டுகிறது. 41 நாளில் கொழுப்பு வடியும், எண்கள் இறங்கும். போட்ட நார் அவ்வளவு நாளில் போகாது. மாலை கழற்றிய கையோடு மறுபடி தொடங்கினால் அதன் மேல் அடுத்த அடுக்கு. நார்மல் ரிப்போர்ட்டை நம்பாமல், மேலே சொன்ன ஃபிப்-4 கணக்கைப் போடுங்கள். 41 நாள் இருக்க முடிந்தவருக்கு 42-வது நாளும் முடியும். அந்த நாட்களில் கை நடுக்கமோ தூக்கமின்மையோ வந்திருந்தால், அடுத்த முறை டாக்டர் துணையோடு நிறுத்துங்கள்.

குன்னூர் வாசகி: ரத்ததான முகாமில் என் கணவருக்கு (38) ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. எஸ்.ஜி.பி.டி. 24, வைரஸ் அளவு குறைவு. டாக்டர் மருந்தே எழுதவில்லை. அலட்சியமா?

அலட்சியமில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸும் நேரடியாகச் செல்லைக் கொல்வதில்லை. பிறக்கும்போது தொற்றினால் எதிர்ப்பு மண்டலம் அதைச் சகித்துக்கொள்ளும். அப்படித் தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பெரியவர்களில் இது 5 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் கணவருக்கு இப்போது டி செல்கள் வைரஸை அடக்கி வைத்திருக்கின்றன, ஈரலையும் அடிக்கவில்லை. வைரஸ் 2,000 அலகைத் தாண்டி, எஸ்.ஜி.பி.டி.யும் ஆண்களுக்கான வரம்பான 30-க்கு மேல் நின்றால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் தொடங்குவார்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. முதல் வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். 40 வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இந்த வைரஸில் சிரோசிஸ் வராமலே புற்றுநோய் வரக்கூடும்.

நீங்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லையென்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. சேர்ந்து சாப்பிடலாம். ரேசர், பிரஷ், நகவெட்டி தனி.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று. வாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை, கீமோதெரபி, ரிட்டுக்ஸிமாப் ஊசி: இவற்றில் எது கொடுத்தாலும் எதிர்ப்பு அணுக்களின் பிடி தளர்ந்து வைரஸ் சீறும். மருந்து நின்று அவை திரும்பி வரும்போது ஒரேயடியாக ஈரலைத் தாக்கும். 'ஹெபடைடிஸ் பி பாசிடிவ்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டட்டும்.

கோத்தகிரி வாசகி: கொரோனா காலத்திலிருந்து எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் பொடி சாப்பிடுகிறேன். தைராய்டு பிரச்சினை உண்டு. இப்போது எஸ்.ஜி.பி.டி. 310. தொடரலாமா?

இன்றே நிறுத்துங்கள். கல்லீரலின் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுவதால் நன்மை வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தூண்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பக்கம் முழுக்க உதாரணம். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் (எதிர்ப்பு அணுக்கள் சொந்த ஈரலையே தாக்கும் நோய்) போன்ற நோய் வந்ததை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஆனால் ஏற்கெனவே தைராய்டு போன்ற ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்களிடம் இது வருவதைப் பிறகு வந்த அறிக்கைகளும் சொல்கின்றன. நீங்கள் அந்த வகையில் வரலாம்.

ஆட்டோஇம்யூன் நோயைத் தேடும் ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ., ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனைகள், கூடவே ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் வேண்டும். பொடியை நிறுத்தியும் எண்கள் இறங்காவிட்டால் ஈரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. டி செல்களும் பிளாஸ்மா செல்களும் போர்ட்டல் பகுதியின் விளிம்பை அரித்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். ஆட்டோஇம்யூன் என்று உறுதியானால் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் ப்ரெட்னிசோலோன், பிறகு அசாதயோப்ரின். பின்னதைத் தொடங்குமுன் என்.யு.டி.டி.15 மரபணுப் பரிசோதனை கேளுங்கள். அதில் மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளை அணுக்கள் அபாயமாகக் குறையும், ஆசியர்களிடம் அந்த மாற்றம் அரிதல்ல. எண்கள் நார்மலானதும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், பெரும்பாலும் திரும்பி வரும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீந்தில் பொடி டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று லேபிளைப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.