வாசகர் கேள்வி பதில்: வாய்க்கால் வெட்டிய காலம்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன், "லீ குவான் யூ ஒரே தலைமுறையில் நாட்டைத் தூக்கி நிறுத்திவிட்டார், நம்முடைய முதல் தலைவர்கள் அப்படி என்ன செய்தார்கள்?" என்று போனில் கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அடுத்த முறை ஊருக்கு வரும்போது பவானிசாகர் அணைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். விடுதலை கிடைத்து ஒரு வருடம் ஆகியும் ஆகாத நேரம், பிரிவினையின் ரத்தம் காயவில்லை, கஜானாவிலும் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட 1948ல் வேலையைத் தொடங்கி 1955ல் முடித்தார்கள். 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். இருக்கிற தண்ணீரை எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டும் என்று நிலத்தை இரண்டு பாதியாக்கி, இந்த வருடம் நெல்லுக்குத் தண்ணீர் வாங்கும் பாதி அடுத்த வருடம் கடலை, எள்ளுக்கு வாங்கும் என்று முறை வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது.

எங்கள் அப்பாரு கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு எருது பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை (தோல் சால்) இறைத்தவர். அவர் பேரன் நான் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். நடுவில் அணையும் குந்தா மின்திட்டமும் கரண்ட் கம்பமும் வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

லீயை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1965ல் தனி நாடானபோது 20 லட்சம் பேர்கூட இல்லாத, குடிக்கிற தண்ணீருக்கே மலேசியாவைப் பார்க்க வேண்டியிருந்த தீவு அது. ஜூரோங் சதுப்பைத் தூர்த்துத் தொழிற்பேட்டை ஆக்கியதும், வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்ததும், அடுக்குமாடி கட்டி ஜனங்களைக் குடிவைத்ததும் பெரிய காரியங்கள். அதில் கோ கெங் சுவீ என்ற நிதியமைச்சருக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது ஒரு துறைமுக நகரம். இங்கே 1951 கணக்குப்படி 36 கோடி பேர், நூற்றில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி அரை நூற்றாண்டில் வருடத்துக்கு ஒரு சதவீத அளவில் ஊர்ந்த பொருளாதாரம், ஐந்தாண்டுத் திட்டக்காலம் தொடங்கிய பிறகு சுமார் மூன்றரை சதவீதம் வளர்ந்தது. போதாதுதான். ஆனால் ஒன்றும் செய்யவில்லை என்று மகன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இந்தியாவின் முதல் நிதியமைச்சர் கோவைக்காரரா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஆமாம் கண்ணு. ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947 நவம்பர் 26ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தவர் அவர்தான், ஏழரை மாதத்துக்கு மட்டுமான பட்ஜெட். வரவு 171 கோடி, செலவு 197 கோடி, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ராணுவத்துக்கே போனது. அவர் காங்கிரஸ்காரர் அல்ல, நீதிக்கட்சிப் பக்கம் இருந்தவர். திறமை இருக்கிறது என்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்களே, அந்தப் பெருந்தன்மையையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம்தான் பசுமைப் புரட்சிக்குக் காரணம் என்கிறார்கள். விஞ்ஞானிகள் செய்ததுதானே அது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: விதையைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள். அது வயலுக்கு வந்து சேர யாராவது பதவியைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. 1964ல் சாஸ்திரி அவரை உணவு அமைச்சராக்கியபோது அமெரிக்கக் கப்பல் கோதுமையில்தான் நம் ரேஷன் ஓடியது. நல்ல விலை கிடைத்தால்தான் விவசாயி கூடுதலாக விளைவிப்பான் என்பது சுப்பிரமணியத்தின் வாதம். விலைவாசி ஏறும் என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார். அதையும் மீறி 1965ல் விலை நிர்ணயக் கமிஷனும் இந்திய உணவுக் கழகமும் வந்தன. அடுத்த வருடம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை இறங்கியது. டெல்லி பங்களாவின் புல்தரையைக் கொத்திப்போட்டு அதிலேயே கோதுமை விதைத்துக் காட்டினார் மனுஷன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 1967 தேர்தலில் நம் கொங்கு மண்ணிலேயே தோற்றுப்போனார். 1968ல் கோதுமை வரலாறு காணாத அளவு விளைந்து, 'கோதுமைப் புரட்சி' என்று தபால்தலையே வெளியிட்டபோது அவர் மந்திரி இல்லை. பாரத ரத்னா 1998ல்தான் வந்தது.

கேள்வி: லைசென்ஸ், கோட்டா என்று தொழிலைக் கட்டிப்போட்டதும் அதே தலைவர்கள்தானே? அதைச் சொல்ல மாட்டீர்களா?
– பனியன் கம்பெனி நடத்தும் வாசகர், திருப்பூர்

பதில்: சொல்கிறேன். 1951 தொழில் சட்டம் வந்த பிறகு கம்பெனி தொடங்கவும் பெரிதாக்கவும் டெல்லியைக் கேட்க வேண்டியதாயிற்று. 1956ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் எஃகு, கனரக இயந்திரம் என்று போனது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆலைகள் தேவைதான், ஆனால் வெளிநாட்டுக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கையே அவர்களிடம் குறைவாக இருந்தது. லீயிடம் நாம் தோற்ற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அணை கட்டவும் விதை கொடுக்கவும் அரசாங்கம் வேண்டும், தறி எத்தனை போடலாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் தொழிலையே பாருங்கள். பின்னலாடையைச் சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெரிய மில் உள்ளே வர முடியாத அந்த இடைவெளியில்தான் திருப்பூரில் பத்து மெஷின், இருபது மெஷின் போட்டவர்கள் காலூன்றினார்கள். அதே சட்டம்தான் பெரிதாக வளர வேண்டிய யூனிட்டுகளையும் துண்டு துண்டாக வைத்திருந்தது. அந்த ஒதுக்கீட்டை 2005ல் எடுத்தார்கள், அதைப் பத்துப் பதினைந்து வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.