கீழே விழுந்த சாவியை யார் எடுப்பது? உதவி நாய்கள்: கேள்வி-பதில்

பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வாழ்கிறவர்களுக்கும் நாய்கள் பழக்கப்படுகின்றன என்பது பலருக்கு இன்னும் புதுச் செய்தி. அப்படி நாய்களைப் பழக்கி இலவசமாகக் கொடுக்கும் தொண்டு அமைப்பில் பயிற்சியாளராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யாத எதை ஒரு நாய் செய்துவிடப் போகிறது?

அவர்கள் செய்ய முடியாதது என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை "கொஞ்சம் அதை எடுத்துக் கொடேன்" என்று கேட்க வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். போன் கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் போகிறது. ரிமோட் விழுகிறது. கால் மிதிப்பலகையிலிருந்து சரிந்து தொங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கைவேலையை முடித்து வரும்வரை காத்திருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு, தாகத்தோடும் குளிரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாயிடம் பத்தாவது முறை கேட்கும்போதும் அந்தக் கூச்சம் வருவதில்லை. அதற்கு அது வேலையே இல்லை, விளையாட்டு.

நன்றாகப் பழகிய நாய் விழுந்ததை எடுத்து மடியில் வைக்கும். கைப்பிடியில் கட்டிய கயிற்றை இழுத்துக் கதவைத் திறக்கும், மூக்கால் தள்ளி மூடும். விளக்கு சுவிட்ச், லிப்ட் பட்டன் அழுத்தும். சாக்ஸையும் சட்டைக் கையையும் பல் படாமல் இழுத்துக் கழற்றும். சலவை இயந்திரத்திலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும். சரிந்த கையை மூக்கால் தூக்கிக் கைப்பிடிமேல் வைக்கும். கீழே விழுந்துவிட்டால் போனைக் கொண்டுவரும், அல்லது அடுத்த அறையில் இருப்பவரைக் குரைத்து அழைத்துவரும். அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் என்ற உலகக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒருவருடைய குறைபாட்டை ஈடுசெய்யும் 3 வேலைகளாவது தெரிந்தால்தான் அது உதவி நாய். நடைமுறையில் இதைவிடப் பல மடங்கு கற்றுக்கொள்கின்றன.

ஆனால் உங்களைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கவோ, சமைத்துத் தரவோ நாயால் முடியாது. ஆள் உதவி அப்படியேதான் தேவைப்படும். தொட்டதற்கெல்லாம் கூப்பிட வேண்டிய அவசியம் குறையும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கே தெரியும்.

சாவியை எடு என்றால் நாய்க்கு எப்படிப் புரிகிறது? அடித்துப் பழக்குவீர்களா?

அடிப்பது கிடையாது. அடிக்குப் பயந்து வேலை செய்யும் நாய், பயம் இல்லாத இடத்தில் வேலை செய்யாது. படுத்த படுக்கையாக இருப்பவர் எப்படி அதை மிரட்டுவார்? ஆகவே முழுக்க முழுக்கத் தின்பண்டமும் பாராட்டும் விளையாட்டும்தான்.

சாவி நல்ல உதாரணம், ஏனென்றால் நாய்களுக்குப் பல்லில் உலோகம் படுவது பிடிப்பதில்லை. வாயில் வைத்ததும் துப்பிவிடும். அதனால் முதலில் துணிப் பொம்மையை வாயில் வாங்கப் பழக்குகிறோம். வாங்கியதும் கையிலுள்ள க்ளிக்கர் என்ற சிறு கருவி 'டிக்' என்று ஒலிக்கும், உடனே ஒரு துண்டு தின்பண்டம். 'நீ இப்போது செய்தாயே, அதற்குத்தான் இது' என்று அந்த ஒலி சொல்லிவிடுகிறது. அடுத்து ஒரு கரண்டியைத் துணியால் சுற்றிக் கொடுக்கிறோம். நாள் போகப் போகத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், ஒரு கட்டத்தில் வெறும் கரண்டியையே முகம் சுளிக்காமல் பிடித்திருக்கும். அதன் பிறகுதான் சாவி.

எடுப்பது பாதி வேலைதான். வாயில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும், சக்கர நாற்காலி நகர்ந்தால் பின்தொடர வேண்டும், முன்னங்கால்களை மடிமேல் வைத்து ஏறி, கை வந்து சேரும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் அதிக நாள் பிடிக்கும். நடுங்கும் கை வந்து சேரச் சில நொடிகள் ஆகும்; அதற்குள் வாயைத் திறந்துவிட்டால் சாவி மறுபடி தரையில். தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஏ.டி.எம். கார்டு இதைவிடக் கஷ்டம். நகத்தாலும் உதட்டாலும் நெம்பி எடுக்கும் உத்தியை ஒவ்வொரு நாயும் தன் போக்கில் கண்டுபிடிக்கும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது.

என் மகளுக்குக் கைவிரல்கள் அசையாது, பேச்சும் தெளிவாக இருக்காது. அவள் சொல்வதை நாய் கேட்குமா?

கேட்கும். தயங்காமல் விண்ணப்பியுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு நாயைப் பழக்கும் அமைப்புகளில் முன்னோடியான கெனைன் கம்பானியன்ஸை 1975இல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் தொடங்கியவர் போனி பெர்கின். அங்கே முதல் நாயைப் பெற்றவரே கடுமையான குறைபாடு உள்ள ஓர் இளம்பெண்தான். ஆரம்பமே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

நாய்க்கு அகராதி தேவையில்லை. உங்கள் மகள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழுப்பும் ஒலி எதுவானாலும் அதையே கட்டளையாக்கலாம். குரலே வராவிட்டால் தலையசைப்பு, தோள் அசைவு, பேசும் கருவியில் பதிந்த சொல் எதுவும் போதும். தின்பண்டம் கொடுக்கத்தான் விரல் வேண்டுமே என்று பலர் கேட்கிறார்கள். மடியில் ஒரு தட்டு வைத்து அதிலிருந்து ஒன்றைத் தள்ளிவிடலாம். நாற்காலியின் பக்கவாட்டில் ஒரு குழாயைப் பொருத்தினால், மேலே போட்டது கீழே நாயின் முன் வந்து விழும். க்ளிக்கருக்குப் பதில் நாக்கைச் சொடுக்கினாலும் போதும்.

ஒரு விஷயம் மட்டும் முக்கியம்: தின்பண்டமும் பாராட்டும் அவளிடமிருந்தே போக வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று "நல்ல பிள்ளை" என்று கொஞ்சிக்கொண்டே இருந்தால் அது உங்கள் நாயாகிவிடும். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பெற்றோரில் ஒருவரையும் சேர்த்து மூவர் அணியாகப் பழக்குவது உண்டு. அங்கும் இதே எச்சரிக்கைதான்.

சக்கர நாற்காலியை நாய் இழுத்துப் போகுமா? எழுந்து நிற்க அதன் முதுகில் கை ஊன்றலாமா?

இரண்டுக்குமே என் பதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான். நாயின் முதுகெலும்பு மேலிருந்து வரும் எடையைத் தாங்க அமைந்ததல்ல. இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் தேய்ந்தால் நாய்க்குத் தீராத வலி, உங்களுக்குத் துணையும் போய்விடும். தடுமாறும்போது லேசாகச் சமநிலை பிடிக்க, விறைப்பான கைப்பிடி உள்ள சேணம் பூட்டிச் சில அமைப்புகள் பழக்குகின்றன. அதற்குப் பெரிய உடல்வாகு, முழுதாக வளர்ந்த எலும்பு, எக்ஸ்ரேயில் பழுதில்லாத மூட்டுகள் எல்லாம் வேண்டும். இரண்டு வயதுக்கு முன் அந்தச் சுமையை வைக்கவே கூடாது. இழுக்க வேண்டுமென்றால் மின்சார நாற்காலி இருக்கிறது. எழுந்து நிற்கச் சுவரில் பதித்த கைப்பிடி இருக்கிறது. இயந்திரம் நன்றாகச் செய்யும் வேலைக்கு நாயின் உடம்பைத் தேய்க்க வேண்டாம்.

விண்ணப்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குப் பின்னால் பதிந்தவருக்கு நாய் கிடைத்துவிட்டது. இது நியாயமா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இது வரிசையே அல்ல, பொருத்தம் பார்ப்பது. வேகமாக நகரும் மின்சார நாற்காலிக்குத் துடிப்பான நாய் வேண்டும். மெதுவாக, இரண்டு ஊன்றுகோலோடு நடப்பவருக்கு நிதானமான நாய் வேண்டும். துடிப்பானது வந்தால் அவரைத் தள்ளிவிடும். வீட்டில் பூனை உண்டா, குழந்தைகள் உண்டா, அடிக்கடி பயணம் உண்டா என்று எல்லாம் பார்க்கிறோம். உங்களுக்குப் பொருந்தாத நாயைச் சீக்கிரம் கொடுத்து, ஆறு மாதத்தில் திரும்ப வாங்கிக்கொள்வது உங்கள் இருவருக்கும் கொடுமை.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், நாய் உருவாகவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது. எட்டு வாரக் குட்டி தன்னார்வக் குடும்பம் ஒன்றுக்குப் போகும். ஒன்றேகால், ஒன்றரை வயது வரை அங்கே வளரும். பிறகு பயிற்சி மையத்தில் ஆறு முதல் ஒன்பது மாதம். கடைசியில் நீங்களும் நாயும் சேர்ந்து இரண்டு வாரம் போலப் பழக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு பாதிக்குப் பாதி நாய்கள் தேறாமல் போவது பல அமைப்புகளில் சகஜம். மூட்டுக் கோளாறு, இடிச் சத்தத்துக்குப் பயம், ஓடுவதைக் கண்டால் துரத்தும் சுபாவம் என்று காரணங்கள் பல. அவை வீட்டு நாயாகவோ வேறு வேலைக்கோ போகும். அவற்றை எப்படியாவது தேற்றி அனுப்புங்கள் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். தெருவைக் கடக்கும்போது பூனையைப் பார்த்துப் பாயும் நாயின் கயிறு உங்கள் நாற்காலியில்தான் கட்டியிருக்கும்.

லாப்ரடார்தான் வேண்டுமா?

லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், இரண்டின் கலப்பு ஆகியவையே அதிகம். வேட்டையில் விழுந்த பறவையைச் சேதமில்லாமல் கவ்விக் கொண்டுவர வளர்க்கப்பட்ட இனங்கள் என்பதால் பொருளை எடுத்துக் கொடுப்பது அவற்றுக்கு இயல்பு. தின்பதிலும் ஆசை அதிகம், பயிற்சிக்கு அதுவும் வசதி. ரோமம் ஒவ்வாதவர்களுக்கு ஸ்டாண்டர்ட் பூடில் பார்ப்பதுண்டு, ஆனால் ஒவ்வாமையே வராத நாய் என்று ஒன்று இல்லை.

குட்டியை வளர்த்துக் கொடுக்க ஆசை. ஆனால் திருப்பிக் கொடுக்கும் நாளை நினைத்தால் பயம்.

அந்தப் பயம் இருப்பவர்கள்தான் நன்றாக வளர்க்கிறார்கள். அழத்தான் செய்வீர்கள், அதில் மாற்றமில்லை. வேலை என்று பார்த்தால்: குட்டியைச் சந்தை, பேருந்து, லிப்ட், கூட்டம், குழந்தைகள் எல்லாவற்றுக்கும் பழக்க வேண்டும். மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை பார்ப்பதும் கேட்பதும்தான் அதன் மனதில் 'பயமில்லை' என்று பதியும். அப்புறம், சொன்ன இடத்தில் சொன்னதும் மலஜலம் கழிக்கப் பழக்க வேண்டும். கேட்க அற்பமாக இருக்கலாம். மழையில், சேற்றில், நாற்காலி போக முடியாத புல்தரைக்கு இழுக்கும் நாய், அதை வைத்திருப்பவரை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடும். நான் ஒரு வளர்ப்புக் குடும்பத்தை மதிப்பிடுவதே இதை வைத்துத்தான்.

நாள் முழுக்க வேலை வாங்குவது பாவமில்லையா?

நாள் முழுக்க வேலை இல்லை. வேலை நேரத்தில் போட்டிருக்கும் மேலங்கியைக் கழற்றினால் அது சாதாரண நாய். ஓடும், புரளும், தூங்கும். தினமும் கட்டில்லாமல் ஓட இடமும் நேரமும் கொடுக்க முடியாத வீட்டுக்கு நாங்கள் நாயைத் தருவதில்லை. பத்து வயதை ஒட்டி ஓய்வு. பெரும்பாலும் அதே வீட்டில் செல்லமாக இருக்கும், அல்லது வளர்த்த குடும்பத்துக்கே போகும்.

இணையத்தில் 'உதவி நாய்' என்று எழுதிய மேலங்கியும் அட்டையும் விற்கிறார்கள். வாங்கினால் செல்லுபடியாகுமா?

வாங்காதீர்கள். அட்டை நாயைப் பழக்காது. அமெரிக்கச் சட்டத்தில் அட்டை கேட்கவே கூடாது. கடைக்காரர் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது. மற்ற நாடுகளில் விதிகள் வேறு. அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பழக்கமில்லாத நாய்க்கு மேலங்கி மாட்டிக் கூட்டிப்போய், அது யாரையாவது கடித்தால், அடுத்த நாள் அந்த வாசலில் தடுக்கப்படுவது உண்மையிலேயே நாய் தேவைப்படும் ஒருவர்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாயைப் பழக்க முடியுமா?

சில நாய்களை முடியும். சில வேலைகளுக்கு மட்டும் என்றால் நிறைய நாய்களை முடியும். விழுந்ததை எடுத்துத் தருவது, கதவை மூடுவது, ஆளைக் கூப்பிடுவது ஆகியவற்றை வீட்டுக்குள் கற்றுக்கொடுக்க இனமோ வயதோ பெரிய தடையில்லை. பொது இடத்துக்குக் கூட்டிப்போவதுதான் வேறு கதை. தட்டு விழும் சத்தத்தில் திடுக்கிட்டாலும் சட்டென்று தெளிகிறதா, அந்நியர் குனிந்து தொட்டால் அமைதியாக இருக்கிறதா, தரையில் கிடக்கும் தீனியை விட்டுவிட்டு வருகிறதா என்று நீங்களே கவனியுங்கள். மூன்றில் ஒன்று தேறாவிட்டாலும் வீட்டு வேலைகளோடு நிறுத்திக்கொள்ளலாம், அதிலேயே பெரிய உதவி கிடைக்கும். மூன்றும் சரி என்றால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே எடுங்கள். பயிற்சியாளரைத் தேடுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.